பாஸ்டியும் சோமாஸியும்: மைசூர் மைன்ஸ் அடுப்பங்கரை வரலாறு

நான் இப்போது இருக்கும் அடிலெய்டில் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பண்டம் சூடாக உட்கார்ந்திருக்கும். பிறை வடிவம், ஓரத்தை மடித்து மடித்து நெருக்கியிருப்பார்கள். உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், கறி. பேர் பாஸ்டி. உருவத்தைப் பார்த்தால் அப்படியே நம்ம தீபாவளி சோமாஸிதான். பூரணம் மட்டும் இனிப்பு இல்லை, எண்ணெயில் பொரித்ததும் இல்லை.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீங்க. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், மைசூர் மைன்ஸ் பக்கம். இந்த பாஸ்டியைக் கட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிய கார்ன்வால்காரர்கள்தான் எங்க ஊர்ச் சுரங்கங்களையும் ஆரம்ப காலத்தில் நடத்தினார்கள். ஆனால் எங்க லைன் வீடுகளில் பாஸ்டி என்ற பேரைக்கூட நான் கேட்டதில்லை. ஏன்? நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். வரவு வந்தது எங்கேயோ இடிக்கிறது என்றால் சும்மா விட முடியாது. இந்தக் கணக்கையும் கொஞ்சம் சரிபார்ப்போம், வாங்க.

கார்ன்வால் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. தகரமும் தாமிரமும் தோண்டிப் பிழைத்த ஊர். 1866-இல் தாமிர விலை சரிந்ததும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தெரிந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடுகளுக்குக் கிளம்பினார்கள். நம்மை மாதிரி புலம் பெயர்ந்தவர்கள்தான், வேறென்ன! போன இடத்துக்கெல்லாம் பாஸ்டியும் கூடவே போனது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். தடித்த மேல்மாவு உள்ளே இருப்பதைச் சூடாக வைத்திருக்கும். சுரங்கத்துக்கு அதைவிட வசதியான சாப்பாடு கிடையாது.

அடிலெய்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் மூண்டா என்ற ஊர் இருக்கிறது. 1861-இல் அங்கே தாமிரம் கிடைத்தது. கார்ன்வால்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1923-இல் சுரங்கம் மூடியாகிவிட்டது, ஆனால் பாஸ்டி மூடவில்லை. அந்தப் பகுதியில் 1973-இலிருந்து கெர்னவெக் லோவெண்டர் என்று கார்ன்வால் திருவிழாவே நடத்துகிறார்கள். இது கார்ன்வால்காரர்களின் வாரிசுகள் குடியிருக்கும் ஊர், அதனால் ஆச்சரியமில்லை.

அடுத்தது மெக்சிகோ. இங்கேதான் விஷயம் சுவாரசியம். 1824-இல் ஜான் டெய்லர் என்ற சுரங்கப் பொறியாளர் லண்டனில் பணம் திரட்டி, ரியல் டெல் மாண்ட்டே என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கங்களை எடுத்து நடத்தக் கம்பெனி ஆரம்பித்தார். கார்ன்வால் ஆட்கள் போனார்கள். அந்தக் கம்பெனி கால் நூற்றாண்டிலேயே நஷ்டப்பட்டுக் கைமாறியது. ஆனால் பாஸ்டி அங்கே "பாஸ்தே" ஆகி, மிளகாய் சேர்ந்து, மெக்சிகர்களின் சொந்தப் பண்டமாகவே மாறிவிட்டது. ரியல் டெல் மாண்ட்டேயில் இன்று அதற்கு ஒரு திருவிழாவும் உண்டு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1880-இல் கோலார் தங்கவயலுக்குள் நுழைந்த கம்பெனியின் பேர் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். ஆமாங்க, அதே டெய்லர் குடும்பம்தான்! மூத்தவர் 1863-லேயே காலமாகிவிட்டார், நடத்தியது அவருடைய வாரிசுகள். கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் மைசூர் சுரங்கத்தில்தான் முதலில் நல்ல தங்கப் படிவம் அகப்பட்டது. அதன் பிறகு சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று வரிசையாக வளர்ந்தன. மேற்பார்வை செய்தவர்களைக் கார்ன்வால் வழக்கப்படி "கேப்டன்" என்றே அழைத்தார்கள். அடியில் இறங்கிப் பாறையை உடைத்தவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்த நம்ம ஜனங்கள்.

அதே டெய்லர் குடும்பம், அதே கார்ன்வால், அதே இருட்டுச் சுரங்கம். மெக்சிகோவில் ஒட்டிக்கொண்ட பாஸ்டி இங்கே ஏன் ஒட்டவில்லை?

"நமக்குச் சோறும் களியும்தானே பழக்கம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டீ, பன், பிஸ்கட் எல்லாம் நமக்கு என்ன பரம்பரைச் சாப்பாடா? கறிதான் தடை என்றும் சொல்ல முடியாது. சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். மாட்டுக்கறி அவர்களுக்கு விலக்கல்ல.

என் கணக்கில் விடை அடுப்பில் இருக்கிறது.

பாஸ்டி வேக ஓவன் வேண்டும், முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். கோதுமை மாவு வேண்டும், கொழுப்போ வெண்ணெயோ தாராளமாக வேண்டும். மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே கோதுமையையும் ரொட்டி அடுப்பையும் கொண்டுவந்துவிட்டார்கள். கார்ன்வால்காரர்கள் போய்ச் சேரும்போது எல்லாம் தயாராக இருந்தது.

தங்கவயலில் ஓவன் இருந்தது பங்களாவில். தனிச் சமையலறை, இரும்பு அடுப்பு, பட்லர். தொழிலாளிக்குக் கிடைத்ததோ மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை, அதற்குள் ஒரு விறகு அடுப்பு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகமே வியந்த வேலை அது! ஆனால் அது வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. லைன் வீட்டு அடுப்பில் விறகுதான். கோலார் கேழ்வரகு பூமி, வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களுக்கும் கேழ்வரகு புதிதில்லை. ஒரு பானை, கொஞ்சம் விறகு, அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் பசியாறக் களி. சங்கு ஊதுவதற்குள் சாப்பிட்டுக் கிளம்பியாக வேண்டியவருக்கு எது கட்டுப்படியாகும், நீங்களே சொல்லுங்க.

இதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. ஓவன் தேவைப்படாத பண்டங்கள் எல்லாம் பங்களாப் பக்கமும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் லைன் வீடுகளிலும் தாராளமாகப் புழங்கின. அச்சு முறுக்கை அவர்கள் ரோஸ் குக்கி என்பார்கள். சீப்பிலோ முள்கரண்டியிலோ அழுத்திச் சுருட்டும் குல்குல் கிறிஸ்துமஸுக்கு. இரண்டுக்கும் எண்ணெய்ச் சட்டி போதும். டிசம்பரில் அவர்கள் வீட்டுத் தட்டு வரும், தீபாவளிக்கு எங்க வீட்டு சோமாஸி போகும். தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் ஒயிட் குமார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் புத்தகங்களாகவே எழுதி வைத்திருக்கிறார். லைன் வீட்டுச் சமையலைத்தான் அப்படி உட்கார்ந்து எழுத வேண்டும்.

கேக்கும் வந்தது, ஆனால் வேறு வழியில். நான் சிறுவனாக இருந்தபோது ஒன்று, மாவைக் கலந்து தட்டில் ஊற்றி பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கூலி கொடுத்தால் அவர்கள் அடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே மணல் கேக். செய்முறையைக் கேட்டுக்கோங்க.

மணல் கேக்: மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், இரண்டையும் சலித்துக்கொள்ளுங்க. வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம் சேர்த்து வெளுக்கும் வரை குழையுங்க. முட்டை மூன்று, ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்க. மாவைச் சேர்த்து, மூன்று மேசைக்கரண்டி பால், கொஞ்சம் வெனிலா விட்டுக் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்க. அடி கனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் சலித்த மணல் பரப்பி, மூடி பத்து நிமிஷம் சூடாக்கி, ஒரு வளையத்தின் மேல் கேக் தட்டை வையுங்க. எங்க வீட்டில் மூடியின் மேலும் தணலைப் போடுவார்கள். முக்கால் மணி நேரத்தில் குச்சியால் குத்திப் பாருங்க, ஒட்டக்கூடாது. ஓவன் இருப்பவர்களுக்கு 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். (நான்ஸ்டிக் பாத்திரத்தில் மணல் போட்டுவிடாதீங்க!)

வெளிநாட்டில் நம் எல்லோர் வீட்டிலும் இன்று ஓவன் இருக்கிறது. அதனால் எங்க தாத்தா காலத்தில் லைனுக்கு வராத பாஸ்டியையும் செய்துவிடலாம். ஞாயிறு காலைப் பலகாரத்துக்கு நன்றாக இருக்கும்.

தங்கவயல் பாஸ்டி: மைதா 300 கிராம், உப்பு, குளிர்ந்த வெண்ணெய் 150 கிராம். விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்க. உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய் பொடியாக நறுக்கி, கொத்துக்கறி, மிளகுத்தூள், உப்பு சேர்த்துப் பச்சையாகவே கலந்துகொள்ளுங்க. சைவக்காரர்கள் கறிக்குப் பதில் பட்டாணி போடலாம். மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து மூடி, சோமாஸிக்கு ஓரம் மடிப்பது போலவே மடியுங்க. நம் பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே முட்டை தடவி, 200 டிகிரியில் 20 நிமிஷம், பிறகு 180-இல் 25 நிமிஷம்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. இன்று மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக அங்கே அடுப்பு இன்னும் சீக்கிரமே பற்றுகிறது. சங்குக்குப் பதில் ரயில் நேரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கத்துக்குக் கணக்கு எழுதினவர்கள் அந்த அடுப்புகளுக்கு எழுதவில்லை. அதனால் ஊருக்குப் போன் பண்ணும்போது பாட்டியிடமும் அத்தையிடமும் பலகாரத்தின் அளவை மட்டும் கேட்காதீங்க. எந்த அடுப்பில் செய்தீங்க, விறகு எங்கிருந்து வந்தது, யாரிடம் கற்றுக்கொண்டீங்க என்றும் கேட்டு எழுதி வையுங்க. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.