அம்மாச்சியின் மூத்த பிள்ளை

என் அம்மாச்சிக்குப் பெரியகுளம். எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா "அஞ்சு"ன்னு சொல்லும்; கொஞ்சம் நிறுத்தி, "தங்குனது நாலு"ன்னு சேர்த்துக்கும்.

மூத்தவன் 1958-ல வீட்டுலயே பிறந்தான். "ரெண்டு நாள் நல்லாத்தான் பால் குடிச்சான். அப்புறம் வாயே தெறக்கல. தொட்டாப் போதும், வில்லு மாதிரி வளைஞ்சு வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஏழாம் நாள் போயிட்டான்." ஊர் சொன்ன பேரு ஜன்னி. ஆனா அம்மாச்சி, நிறைமாசத்துல உச்சி வெயில்ல வராக நதியைத் தாண்டி வந்ததாலதான்னு அறுபது வருஷத்துக்கு மேல தன்னையே குத்தம் சொல்லிட்டிருந்துச்சு.

அது சொன்ன அடையாளம் எல்லாம் மருத்துவப் புத்தகத்துல அப்படியே இருக்கு: பிறந்த குழந்தைக்கு வர்ற டெட்டனஸ். தடுப்பூசி அட்டையில 'ரண ஜன்னி'ன்னு போட்டிருப்பாங்களே, அதேதான். இந்தக் கிருமியோட வித்து மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கும். மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்தது பண்ணரிவாள்ல. மேல வச்சது சாணிச் சாம்பல். பார்க்க வலிப்பு மாதிரி இருந்தாலும் இது மூளையில கிளம்புற வலிப்பு இல்ல. கிருமியோட நஞ்சு தசைகளை இறுக்குது. குழந்தைக்கு நினைவு தப்பாது. எனக்கு இதைப் படிச்சப்பதான் ரொம்ப வலிச்சது.

நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஸ்காட்லாந்து பக்கம் செயின்ட் கில்டா தீவுல இதுக்கு 'எட்டு நாள் நோய்'னு பேரு. கடவுள் சித்தம்னு பலர் நம்புனாங்க. 1890-கள்ல ஆங்கஸ் ஃபிட்ஸ்ங்கிற பாதிரியார் கிருமிநாசினி முறையைக் கத்துக்கிட்டு வந்த பிறகுதான் சாவு நின்னுச்சு.

அடுத்த திருப்பம் 1961. கர்ப்பிணிக்கு ஊசி போட்டா எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போய்க் காப்பாத்தும்னு நியூ கினியில ஸ்கோஃபீல்டு குழு காட்டுச்சு. ஆனாலும் 1988-ல உலகம் முழுக்க 7,87,000 பச்சக் குழந்தைங்க இதுல செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுச்சு. இந்தியாவுல 1985-ல தொடங்குன தடுப்பூசித் திட்டம், ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு எல்லாம் சேர்ந்து, 2015-ல நோய் நீங்குனதா அறிவிச்சாங்க. நீங்குனதுன்னா, எல்லா மாவட்டத்துலயும் ஆயிரம் பிறப்புக்கு ஒண்ணுக்கும் கீழ. வித்து மண்ணுலதான் இருக்கு. அதனால ஊசியும் நிக்கல.

இதையெல்லாம் அம்மாச்சிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல.

"அப்ப நான் ஆத்தத் தாண்டுனதால இல்லையாப்பா?"

"இல்ல அம்மாச்சி."

"அந்த ஊசி அப்ப இருந்துச்சா?"

ஊசி இருந்துச்சு. அதைக் கர்ப்பிணிக்குப் போட்டா பிள்ளை பிழைக்கும்னு ஆய்வு வந்தது மூணு வருஷம் கழிச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "அப்ப யாருக்கும் தெரியாது அம்மாச்சி"ன்னு மட்டும் சொன்னேன்.