உமணர்: வண்டியில் குடித்தனம் நடத்திய உப்பு வணிகர்

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கையை இன்று ‘கேரவன்’ என்ற சொல்லோடு சேர்த்தே நினைக்கிறோம். சென்னையில் இச்சொல்லைக் கேட்டால் படப்பிடிப்புக்கு நடிகர்கள் வரும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் வண்டியில் குடும்பம் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சங்க நூல்கள் காட்டும் உமணர் அவ்வாறு வாழ்ந்தவர்கள்.

உமணர் என்போர் நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள். உப்புக்கு மாற்றாக நெல்லைப் பெற்றனர். மாட்டு வண்டிகள் பல வரிசையாகச் செல்வதை ‘ஒழுகை’ என்றனர்.

இவர்களது வண்டியை மிக விரிவாகக் காட்டும் நூல் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழியில் இந்த வண்டிகளைக் காண்கிறான். முரசு போன்ற உருளைகள். மேலே ஆரை வேய்ந்த கூரை. வாயிற்புறத்தில் கோழி தங்கும் கூடு. பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த பானை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடன் இருக்கும் பெண்ணே எருதுகளை ஓட்டுகிறாள்! வேப்பந்தழை மாலை அணிந்த வலிய ஆடவர் வண்டிகளின் பக்கத்தே காவலாக நடக்கின்றனர்.

உரலையும் கோழியையும் இங்கே கவனிக்க வேண்டும். சந்தைக்குப் போய் மாலையில் திரும்புகிறவன் உரலைச் சுமந்து போகமாட்டான். நெல் குத்தி, சமைத்து, குழந்தை வளர்த்து, வழியிலேயே நாட்களைக் கழித்த குடும்பங்கள் இவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன்.

சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த மந்தி ஒன்று அவர்களது பிள்ளைகளுடன் கிளிஞ்சலுக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. குரங்கும் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் போலும்! அந்நூலின் தலைவன் நல்லியக்கோடனது ஓய்மானாடு இன்றைய திண்டிவனம் பகுதியாகும். அதை அடுத்த மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன.

பயணத்தின் இடர்களும் பதிவாகியுள்ளன. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியலாம் என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டி வைத்தனர். இன்றைய ஸ்டெப்னியின் முன்னோடி! ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு இதை உவமையாக்குகிறார். குறுந்தொகையின் 124ஆம் பாடலோ, உமணர் கூடியிருந்து நீங்கிய இடம் பாழ்பட்ட ஊர்போல் இருப்பதாகச் சொல்கிறது. அவர்கள் தங்கும் இடம் சில நாட்களுக்கு ஓர் ஊராகவே இருந்தது என்பது இதனால் புலப்படும்.

எனினும் ஆண்டு முழுதும் வண்டியிலேயே இருந்தார்கள் என்று உறுதியாகக் கூற இயலாது. நற்றிணையின் 183ஆம் பாடல் அவர்கள் ‘தம்’ நாட்டு நெல்லைக் கொண்டு வந்ததாகக் குறிப்பதால், சிலருக்கேனும் சொந்த நாடு என ஒன்று இருந்திருக்கலாம். ஆனால் அதே பாடல், ஓரிடத்தில் தங்கியிருப்பதை வெறுத்து அவர்கள் சுற்றத்தோடு புறப்படுவதையும் சொல்கிறது.

உப்பைச் சுமந்து உள்நாட்டுக்குச் செல்லும் தொழில் பிற்காலத்திலும் இருந்தது. பொதிமாடுகளுடன் சென்ற உப்புக்குறவர் அத்தகையோர். உமணரின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று சொல்லச் சான்று இல்லை. தொழில் மட்டுமே ஒன்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. பாதைகள் பெருகப் பெருகப் பொதிமாட்டு வணிகம் நலிந்தது. பிழைப்பிழந்து அலைந்தவர்களை அரசு ஐயத்துடன் நோக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது குறவர் பிரிவுகளும் அதில் சிக்கின. புலவர்கள் வியந்து பாடிய அலைந்து திரியும் வாழ்க்கை, காவல் நிலையப் பதிவேட்டில் குற்றத்தின் அடையாளமாயிற்று. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது.

உமணரைப் பற்றி நாம் இவ்வளவு அறிவதற்கு, 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்ட உ.வே.சாமிநாதையரே காரணம். அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் உள்ளது. உமணர் வண்டியை முழுதாகப் படிக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாணாற்றுப்படையின் 46 முதல் 65 வரையுள்ள அடிகளைப் பார்க்கலாம்.