கரும்புக் கட்டும் கோபே பாலமும்

எங்க ஊர் சத்தியவேடு. பாலம்னு சொன்னாலே எங்களுக்கு ஊத்துக்கோட்டை ஆரணியாறுதான் ஞாபகம் வரும். நான் படிக்கிற காலத்தில் தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறினால் அன்றைக்குச் சென்னை பஸ் கிடையாது. பாலம் போனால் ஊர் தீவாகிவிடும் என்று அப்போதே தெரியும்.

இப்போது பேங்க் வேலையாக கோபேயில் இருக்கிறேன். இந்த ஊர் அதே பாடத்தைப் படித்தது 1995 ஜனவரி 17, அதிகாலை 5.46க்கு. நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் பலி. ஹான்ஷின் விரைவுச்சாலையின் மேம்பாலம் ஃபுகாயே என்ற இடத்தில் 635 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

ஏன் சாய்ந்தது? நான் பி.காம்.காரன், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம்ம சித்தூர் பக்கம் கரும்புக் கட்டு பார்த்திருப்பீங்க. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே கட்டு போட்டால் நடுவில் பிதுங்கும். நெருக்கமாகக் கட்டினால் அசையாது. கான்கிரீட் தூணில் அந்தக் கட்டுதான் ரிங் கம்பி. 1960களில் கட்டிய அந்தத் தூண்களில் ரிங் குறைவு. நெடுங்கம்பிகளில் சிலவற்றைப் பாதி உயரத்திலேயே நிறுத்தியும் இருந்தார்கள்.

கலிஃபோர்னியா இதே பாடத்தை 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்திலேயே படித்திருந்தது. அதற்குப் பின்தான் அங்கே ரிங்கை நெருக்கச் சொல்லி விதி வந்தது.

கோபே பக்கத்தில் மிகி என்ற ஊரில் 2005ல் ஒரு ஆட்டமேடை திறந்தார்கள். 20 மீட்டருக்கு 15 மீட்டர், 1,200 டன் தாங்கும். பழைய முறைப்படி 1.8 மீட்டர் விட்டத்தில் நிஜ அளவுத் தூண்களைக் கட்டி, 1995ல் பதிவான அதே அதிர்வைக் கொடுத்து உடைத்துப் பார்த்தார்கள். புது விதிப்படி கட்டிய தூண் நின்றது. விடவில்லையே! பாரத்தையும் ஆட்டத்தையும் கூட்டி அதையும் உடைத்தார்கள். எங்க பேங்க் பாஷையில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்.

நம்ம நாட்டுக்கு 2001 ஜனவரி 26, பூஜ். கட்ச் பகுதிக்குப் போகும் சூரஜ்பாரி பாலத்தில் மேல்தளம் நகர்ந்து, தாங்கிகள் சேதமாகின. அதே வருஷம் செப்டம்பர் 25 இரவு சென்னையும் ஆடியது. 2002ல் சென்னையை நிலநடுக்க மண்டலம் 2லிருந்து 3க்கு மாற்றினார்கள். சாலைப் பாலங்களுக்கென்றே தனி நிலநடுக்க வழிகாட்டி 2018ல் வந்தது. தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. கூடத்திலும் ஆட்டமேடை உண்டு. சத்தியவேட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், எனக்குத்தான் கோபே வந்து தெரிந்தது.

ஒன்று உறுத்துகிறது. ஊரில் இருந்தபோது எத்தனையோ வீட்டுக் கடன் ஃபைலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டா, வில்லங்கம், சம்பளச் சீட்டு எல்லாம் பார்த்தேன். ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான், வீடு கட்டுகிறானாம். "ரிங் நெருக்கமா இருக்கா? முனையை உள்பக்கமா நல்லா மடக்கினாங்களா?" என்றேன்.

"மாமா, நீங்க எப்ப இன்ஜினியர் ஆனீங்க?" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நீங்களும் கேளுங்கள். போட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.