நூலகமும் கேள்வியும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், படகுத்துறையை ஒட்டி வளர்ந்த ஊர் பட்டர்வொர்த். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஆளுநராக 1843 முதல் 1855 வரை இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அக்கரையில், ஜார்ஜ் டவுனில், 1817ஆம் ஆண்டிலேயே நூலகம் தோன்றிவிட்டது. 1973இல் பினாங்குப் பொது நூலகக் கழகம் அமைந்தது. இன்று பட்டர்வொர்த்துக்கு அண்மையில், செபராங் ஜெயாவில், அக்கழகத்தின் பெருநூலகம் இயங்குகிறது.

நூல்களைத் திரட்டி நிலைப்பேழைகளில் அடுக்கிவிட்டால் நூலகத்தின் பணி முடிந்துவிடுமா? அவரவர் தனித்துப் படிக்கலாமே. பலர் கூடி ஒரு நூலைப் பற்றி உரையாடும் வாசகர் வட்டம் எதற்கு? இவ்வினாக்களுக்கு விடை தருவது ஓர் அறிவியல் புதினம் என்பது வியப்புக்குரியது.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி கல்லூரிக் கல்விக்கு வசதியற்றவர். பொது நூலகத்திலேயே தம் கல்வியைத் தேடிக்கொண்டவர். லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரைமணி நேரத்திற்குப் பத்துக் காசு வாடகைத் தட்டச்சுப் பொறியில், அவர் எழுதிய கதையே விரிந்து 1953இல் ‘ஃபாரன்ஹீட் 451’ என்னும் புதினமாக வெளிவந்தது. தீயை அணைக்க வேண்டியவர்களே நூல்களைத் தேடித் தீயிடும் எதிர்கால நாட்டை அது காட்டுகிறது. அந்நாட்டில் முதலில் வந்தது தீயன்று. மக்கள் தாமாகவே படிப்பைக் கைவிட்டனர். தீ பின்னர் வந்தது. நூல்களை மனப்பாடம் செய்து, தம் நினைவிலேயே சுமந்து திரியும் சிலரால்தான் அவை முடிவில் பிழைக்கின்றன.

1998இல் சியாட்டில் நகர நூலகம், ஊரார் அனைவரும் ஒரே நூலைப் படித்துக் கூடிப் பேசும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அவ்வழியைப் பின்பற்றிய லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2002இல் தேர்ந்தெடுத்தது இப்புதினத்தையே. நூலகத்தில் பிறந்த கதை நூலகங்களுக்கே திரும்பி வந்து, வாசகர்களை ஒன்றுகூட்டியது.

கற்பனையில் எரிந்தவை அயலார் நூல்கள் என்று நாம் அமைதி கொள்ள இயலாது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் அறிவுரையும், கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் கொண்டு எழுந்த அதன் மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவையொட்டி அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். ஆயினும் அந்நூலகம் 1984இல் மீண்டும் திறக்கப்பட்டது; போரில் சிதைந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் புதுப்பிக்கப்பெற்றது. எரிந்த சுவடிகள் திரும்பி வரவில்லை; நூலகத்தைத் தேடிய வாசகர்கள் மட்டும் அற்றுப்போகவில்லை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். வாசகர் உள்ள நூலகம் எரிந்தாலும் எழக்கூடும். வாசகர் அற்ற நூலகம் எரியாமலே அழியும். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். ஒருவர் கற்றதைப் பிறர் கேட்டு, வினவி, மறுத்து, நினைவில் இருத்தும்பொழுதே அது ஒரு சமுதாயத்தின் உடைமையாகிறது. ஏடுகள் அரிதாயிருந்த காலத்தில் தமிழ் இலக்கியம் வாழ்ந்ததும் பாடம் சொல்வோர், பாடம் கேட்போர் என்னும் இத்தொடர்ச்சியாலேயே.

நம் பொது நூலகங்களில் உள்ள தமிழ் நிலைப்பேழைக்கு யாரும் தீ வைக்க வேண்டியதில்லை. பல்லாண்டுகள் எவரும் தொடாதிருந்தால், கேட்பாரில்லை என்ற காரணத்தாலேயே அது சுருங்கிவிடும். ஆகவே, தமிழாசிரியர்கள் திங்களுக்கு ஒரு முறையேனும் மாணவரை நூலகத்திற்கு அழைத்துச் சென்று, ஒரு நூலை நடுவில் வைத்து அவர்களைப் பேசச் செய்தல் வேண்டும். அந்நூல் அறிவியல் புதினமாயினும் குறையில்லை. பத்து மாணவர் ஒரு நூலைத் தம் நெஞ்சில் ஏற்றால், எந்தத் தீயும் எட்டாத பத்து இடங்களில் அது காக்கப்படுகிறது.