மணியம்மையார் மீது தொடுத்த வழக்கு

பொதுவாழ்வில் நிற்கும் ஆடவன் ஒருவன் சறுக்கினால், அவன் அருகே நிற்கும் பெண்ணைத் தேடிப் பிடிப்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் பழகிப்போன வழக்கம். தசரதன் கொடுத்த வரத்துக்குத் தசரதன் பொறுப்பல்ல. கேட்ட கைகேயிதான் பொறுப்பு. அவள் ஒருத்தி போதாதென்று, அவளுக்குச் சொல்லிக் கொடுத்த கூனி வேறு! ஒரு நாட்டின் அரசுரிமைச் சிக்கலை இரண்டு பெண்களின் தலையில் கட்டிவிட்டு, மன்னனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று இரங்கக் கற்றுக்கொடுத்தார்கள் நமக்கு. அந்தக் கதையின் சூழ்ச்சியைத் தோலுரித்துக் காட்டிய இயக்கமே ஒரு காலத்தில் தன் வீட்டுக்குள் ஒரு கைகேயியைத் தேடியது. 1949ஆம் ஆண்டின் அந்த நிகழ்ச்சியைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து இளைஞர் சிலர் எழுப்பிய வினாக்களே இதற்குத் தூண்டுகோல். "மணியம்மையார் யார்? எங்கிருந்து வந்தார்? எழுபதை எட்டிய ஒருவரை இருபத்தொன்பது வயதுப் பெண் எதற்காக மணந்தார்?" என்பன அவ்வினாக்கள். கேட்கக் கூடாத கேள்விகள் என்று நாம் சொல்லமாட்டோம். பொதுவாழ்வுக்கு வந்தவரைப் பற்றியும், அவர் பொறுப்பில் விடப்பட்ட பொதுப்பணத்தைப் பற்றியும் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. கேட்டுவிட்டு, விடைக்குச் சான்று தேடவேண்டும் என்பதுதான் நமது வேண்டுகோள். ஏழாயிரம்பண்ணைத் தோழர்கட்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799இல் வெள்ளையரிடம் பாளையத்தைப் பறிகொடுத்த ஊர் அது. அந்தப் போரைப் பற்றிக் கூத்து ஒன்று சொல்லும். கும்பினியாரின் கடிதங்கள் வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே உண்மைக்கு வரவேண்டும் என்பதை அவ்வூரார் தம் பாளையத்தின் கதையிலேயே கண்டிருக்கிறார்கள்.

முதலில் கடந்த காலம். மணியம்மையார் 1920 மார்ச்சு 10ஆம் நாள் வேலூரில் பிறந்தார். பெற்றோர் கனகசபை, பத்மாவதி. இட்ட பெயர் காந்திமதி. தந்தையார் சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடுடையவர். இயக்கத் தலைவர்கள் வந்துபோகும் வீடு. வேலூர்த் தமிழறிஞர் அண்ணல் தங்கோ அப்பெண்ணுக்கு 'அரசியல்மணி' என்று பெயர் மாற்றினார். தமிழ் பயில அவர் சென்றது தென்பாண்டிக் கடற்கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்துக்கு. 1943இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டில் பெரியாரின் தொண்டுக்கு வந்து சேர்ந்தார்.

மறைக்க என்ன இருக்கிறது இதில்? யாரோ ஒருத்தி, எங்கிருந்தோ வந்தாள், கிழவரை மயக்கினாள் என்று கதை கட்டியவர்கள், அவர் இயக்கக் குடும்பத்துப் பிள்ளை என்பதை அறியாதவர்களா? அறிந்தவர்களே. அறிந்தும் அறியாதார்போல் பேசியதுதான் வேடிக்கை. பெரியாரின் உணவையும் மருந்தையும் கவனித்தவர், கூட்டந்தோறும் புத்தக மூட்டையைச் சுமந்து சென்று விற்றவர். 1948 திசம்பரில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது குடந்தையில் தடையுத்தரவை மீறி, இரண்டு திங்கள் வேலூர்ச் சிறையில் கிடந்தவர். திருமணத்துக்குச் சில திங்களுக்கு முந்தைய செய்தி இது. சொத்துக்காக வலை விரிக்க வந்தவர் சிறைக்குள் போய் விரிப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு.

1949 சூலை 9ஆம் நாள் சென்னையில் பதிவுத் திருமணம் நடைபெற்றது. அன்று பெரியாருக்கு அறுபத்தொன்பது வயது நிறைந்து எழுபதாவது ஓடிக்கொண்டிருந்தது. கழகம் கொதித்தது. பொருந்தா மணத்தை ஊர்தோறும் கண்டித்த தலைவரே இதைச் செய்யலாமா என்று தோழர்கள் கலங்கினார்கள். அண்ணா கண்ணீர் விட்டு எழுதினார். பெரியார் அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று எள்ளினார். அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பெரியாரின் பிறந்த நாளன்றே, சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. பிரிந்து சென்றவர்கள் தலைவர் நாற்காலியை வெற்றிடமாக வைத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் வெறுப்பால் பிரியவில்லை.

அவர்களுடைய குறை முழுவதும் பொய்யா என்றால், அல்ல என்போம். ஊருக்கு உரைத்த நெறியைத் தலைவர் தமக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது நேர்மையான எதிர்பார்ப்பு. கழகத்தின் எதிர்காலம் பற்றிய ஏற்பாட்டைக் கழகத்தாரோடு கலந்து செய்திருக்க வேண்டும் என்பதும் நியாயமே. மே திங்களில் திருவண்ணாமலையில் ஆச்சாரியாரைச் சந்தித்துத் தனியே பேசிய பெரியார், பேசியது என்ன என்பதைத் தம் தளபதிகளுக்குச் சொல்லாதது பெரும் பிழை என்றே நாம் கருதுகிறோம். அந்த மௌனத்தில்தான் ஐயம் முளைத்தது. கழகத்தை உடைக்க ஆச்சாரியார் செய்த சூழ்ச்சியே இத்திருமணம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவரது கடிதம் வெளிவந்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. வயது வேற்றுமையைச் சுட்டி ஐயம் எழுப்பியவரே அவர்!

ஆக, குறை கூறத்தக்கவர் யார்? முடிவெடுத்தவர் பெரியார். சொல்லாமல் மறைத்தவர் பெரியார். ஆனால் வசை விழுந்தது எவர்மேல்? மேடையிலும் ஏட்டிலும் தெருமுனையிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேசப்பட்டவர் ஒரு பெண். 1938இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரைச் சூட்டியது. பெண்கள் சூட்டிய அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு பெண்ணைப் பழித்தார்கள்.

நோக்கத்துக்கு வருவோம். 1949 சூனில் 'விடுதலை' ஏட்டில் பெரியார் வெளியிட்ட அறிக்கைகளின் சாரம் இது: தமக்கும் தம் பொருளுக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும்; ஐந்தாறு ஆண்டுகளாகத் தம்மிடமும் இயக்கத்திடமும் பற்றுக்கொண்ட மணியம்மையை அவ்வாறு ஆக்கிக்கொண்டு, அவரோடு வேறு சிலரையும் சேர்த்து ஓர் அறக்கட்டளை அமைக்கவேண்டும். வாரிசுக்குத் திருமணம்தான் வழியா என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். அன்றைய சட்டத்தைப் பார்த்தால் வியப்பு குறையும். அன்றைய இந்துச் சட்டப்படி மகனைத் தத்தெடுக்கலாமே ஒழிய மகளை எடுக்க முடியாது. அந்த உரிமை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதிலும் பதினைந்து வயது நிறையாதவரைத்தான் எடுக்கலாம். தொண்டனை மகனாக்கிக்கொள்ள வழிவைத்த சட்டம், தொண்டச்சியை மகளாக்கிக்கொள்ள வழிவைக்கவில்லை. மனைவி என்ற ஒரே வாயிலைத்தான் அவளுக்குத் திறந்து வைத்தது.

சுயமரியாதைத் திருமணமேகூட அன்று சட்டத்தின் கண்ணில் திருமணம் அல்ல. இதில் விருதுநகர் வட்டாரத்துக்குத் தனி உரிமை உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில்தான் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1931இல் மூன்றாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியதும் விருதுநகரில்தான். அத்தகைய மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணாவின் ஆட்சி கொண்டுவந்த சட்டமே அதனைச் செல்லுபடியாக்கியது. முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்து. எனவேதான் 1949இல் பெரியார் பதிவாளரை நாடினார்.

"உயில் எழுதியிருக்கலாமே?" என்பார்கள். எழுதியிருக்கலாம். உயில் என்றாலே பங்காளிகள் நீதிமன்றப் படியேறுவார்கள் என்பது நம் கரிசல் காட்டுக் குடியானவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆயினும் அந்த வாதம் முற்றும் அடிபட்டுப் போய்விடவில்லை. அண்ணன் மகன் ஈ.வெ.கி. சம்பத்தையே பலரும் வாரிசாகக் கருதியிருந்தார்கள். அவரும் பிரிந்து சென்ற ஐவருள் ஒருவரானார். குடும்பச் சொத்தா, இயக்கச் சொத்தா என்ற பூசல் வரும் என்று பெரியார் அஞ்சியதில் பொருள் இருந்தது. ஆனால் திருமணத்தை வெறும் சட்ட ஏற்பாடு என்று அவர் விளக்கியதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த விளக்கத்தில் பெரியாரின் தேவை இருக்கிறது, கழகத்தின் தேவை இருக்கிறது. அப்பெண்ணின் விருப்பம் எங்கே? பெண்ணின் மனத்தைக் கேள் என்று உலகுக்குச் சொன்னவர், இங்கே அதைக் கேட்டு நமக்கும் சொல்லியிருக்கலாம்.

இத்தகைய வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பேரறிஞர் சான் ஸ்டூவர்ட் மில் 1851இல் ஆரியட் டெய்லர் என்ற கைம்பெண்ணை மணந்தார். கணவனுக்குச் சட்டம் வழங்கும் அதிகாரம் எதையும் தாம் ஏற்கவில்லை என்று முன்கூட்டியே எழுதிவைத்தவர் அவர். தம் எழுத்தில் அவளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று மில்லே அறிவித்தும் அறிஞர் உலகம் நம்பவில்லை. நூல் நன்றாயிருந்தால் மில்லின் திறமை. கருத்து கசந்தால் ஆரியட்டின் மயக்கு! அந்த நீதியைத்தான் சென்னையிலும் வழங்கினார்கள்.

நோக்கத்தை எப்படி அளப்பது? நெஞ்சைப் பிளந்து பார்க்கக் கருவி இல்லை. ஒருவர் கைக்கு அதிகாரமும் பணமும் வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதை அளக்கலாம். பதவி வேட்கையால் மணந்தவர் என்றால் பதவியைப் பிடித்திருக்க வேண்டும். 1949 முதல் 1973 வரை, இருபத்துநான்கு ஆண்டுகள், அவர் கழகத்தின் தலைவராக இருந்ததில்லை. சட்டமன்றம் நாடவில்லை. 1957 நவம்பர் 26இல் அரசியல் சட்டத்தின் பகுதிகளைக் கொளுத்திய போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தோழர்கள் சிறை புகுந்தார்கள், பெரியாரும் தண்டிக்கப்பட்டார். அப்போது வெளியே நின்று இயக்கத்தைக் கட்டிக்காத்தவர் மணியம்மையார். 1958இல் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சிச் சிறையில் மாண்டார்கள். உடலைத் தர அதிகாரிகள் மறுத்தார்கள். சென்னைக்கு விரைந்து ஆட்சியாளரிடம் வாதாடி, அந்த உடல்களைப் பெற்று, திருச்சி வீதிகளில் ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்தார் அவர். 'கிழவரின் சொத்துக்கு வந்தவள்' செய்த காரியம் இது. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்களில் எத்தனைப் பேர் அன்று திருச்சியில் இருந்தார்கள்?

1967இல் வெற்றி பெற்ற அண்ணா, பதவியேற்கும் முன்பே திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். பதினெட்டு ஆண்டு இடைவெளி ஒரு பகலில் கரைந்தது. ஆண்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்; நாடு மகிழ்ந்தது. இடையிட்ட ஆண்டுகளில் ஒரு பெண்ணின்மீது வீசப்பட்ட சொற்களை யார் திரும்பப் பொறுக்கினார்கள் என்பது வரலாற்றில் பதிவாகவில்லை.

1973 திசம்பர் 24இல் பெரியார் மறைந்தபின் தலைமை அவரிடம் வந்தது. ஓராண்டு கழித்து, 1974 திசம்பர் 25இல், சென்னைப் பெரியார் திடலில் இராவண லீலை நடத்தினார், வழக்கைச் சந்தித்தார். நெருக்கடி நிலைக் காலத்திலும் இயக்கத்தை நடத்தினார். நெஞ்சு நோயாளி அவர். ஓய்வெடுக்கக் காரணம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். 1978 மார்ச்சு 16ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் அகவையில், மறைந்தார். கைக்கு வந்த சொத்தை உறவினருக்கு எழுதிவைக்கவில்லை; அறக்கட்டளைக்கே ஆக்கினார்.

ஏழாயிரம்பண்ணையும் சிவகாசியும் சாத்தூரும் சேர்ந்த வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்யப் போகும் பெண்களின் கூலியில்தான் பல வீடுகளின் அடுப்பு எரிகிறது. விடியுமுன் ஆலை வண்டி ஏறும் அந்தப் பெண்களைப் பற்றித் திண்ணைகளில் என்ன பேசப்படுகிறது என்பது, நம்மிடம் வினா எழுப்பிய இளைஞர்கட்குத் தெரியும். கூலியை வாங்கிக்கொள்ளும் கை, நடத்தையைச் சந்தேகிக்கும் வாய், இரண்டும் ஒரே ஆளுடையதாக இருப்பதையும் அவர்கள் கண்டிருப்பார்கள்.

இறுதியாக ஒரு செய்தி. பெற்றோரில்லாத, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் திருச்சியில் மணியம்மையார் வளர்த்த இல்லத்துக்கு, 1933இல் மறைந்த பெரியாரின் முதல் துணைவியார் நாகம்மையாரின் பெயரே வைக்கப்பட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைப்பெழுத்து என்ன என்று கேட்பார்கள் அல்லவா? ஈ.வெ.ரா.ம. என்று எழுதினார்கள். அந்தக் கடைசி எழுத்து மணியம்மையாருடையது.