படம் எடுத்தால் போதுமா? பார்க்க ஆள் வேண்டாமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"தனி முயற்சிப் படங்களும் தேடி வரும் ரசிகர்களும்" என்ற தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பிலேயே எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. இப்படிப்பட்ட படங்களைத் தேடி ரசிகர்கள் வருவதில்லை. படந்தான் ரசிகரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போனவர்களின் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. 2011-ஆம் ஆண்டு, ஊடகத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். இறுதி ஆண்டுப் பயிற்சிக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். இரவல் கேமராவை வாங்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். வெட்டுவதற்கு மரம் இல்லை. தேநீர் கலக்கிக் குடித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து விடியும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைத்தான் படம் பிடித்தேன். எட்டு நிமிடம். வசனம் இல்லை, இசை இல்லை.

கேமராவை மூடும்போது பாட்டி கேட்டார்: "இத யாருக்கும்மா காட்டப் போற?"

"விரிவுரையாளருக்கு" என்றேன்.

"அவரு ஒருத்தருக்காகவா நாலு மணிக்கு எந்திரிச்சு வந்த?" என்று சிரித்தார்.

படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஒளிவட்டு மேசை இழுப்பறைக்குள் போனது. ஆனால் பாட்டியின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, உலகம் முழுவதும் இப்படித் தனியாகப் படம் எடுத்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் இதே கேள்விதான் வந்து நின்றிருக்கிறது.

மண்டபத்தை வாடகைக்கு எடுத்த பெண்மணி

இந்த வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். மாயா டெரன் 1917-இல் கீவ் நகரில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். தந்தை இறந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய 16 மி.மீ. கேமராவை வாங்கினார். 1943-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், தாம் குடியிருந்த வீட்டிலேயே, கணவர் அலெக்ஸாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' என்பது அதன் பெயர்.

ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், நாற்காலியில் சாய்ந்து உறங்கிவிடுகிறாள், கனவு காண்கிறாள். ஒரு சாவி, ஒரு கத்தி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு கறுப்பு உருவம். இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. படம் மொத்தமே ஏறக்குறைய 14 நிமிடம். அந்தப் பெண்ணாக நடித்தவரும் மாயா டெரன்தான். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. எந்தத் திரையரங்கு இதை வாங்கும்? லாஸ் ஏஞ்சலிஸில் இருந்துகொண்டே, ஹாலிவுட்டின் கதவைத் தட்டாமல் எடுத்த படம் இது. ஹாலிவுட் உதட்டுச் சாயத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் தாம் படம் எடுப்பதாக அவர் கேலியாகச் சொன்னதுண்டு.

திரையரங்கு கிடைக்கவில்லை என்று அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1946 பிப்ரவரியில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இருந்த பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சிறிய நாடக அரங்கை வாடகைக்கு எடுத்தார். தம்முடைய மூன்று படங்களைத் திரையிட்டார். நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயர், 'கைவிடப்பட்ட மூன்று படங்கள்'. அந்தப் பெயரைப் பார்த்தும் கூட்டம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அரங்கு நிறைந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் படச்சுருளோடு போனார். படத்தைக் காட்டினார், அதைப் பற்றிப் பேசினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். படங்களை வாடகைக்கு அனுப்பும் வேலையையும் தம் வீட்டிலிருந்தே கவனித்தார். இயக்குநர், நடிகை, விநியோகஸ்தர், பேச்சாளர் எல்லாமே அவர்தான். 1961-இல், 44 வயதில் இறந்துவிட்டார். பெரும் பணம் எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் வழியைக் காட்டிவிட்டுப் போனார்.

சந்தா கட்டி வந்த ஏழாயிரம் பேர்

அந்த வழியில் அடுத்து நடந்தவர் ஏமஸ் வோகல். வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் வந்தவர். மாயா டெரனின் திரையிடல் தந்த உந்துதலில், 1947-இல் மனைவி மார்சியாவுடன் சேர்ந்து 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். முதல் காட்சி அதே பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸில்தான்.

தொடக்கத்தில் தணிக்கை ஒரு தலைவலி. அப்போது நியூயார்க் மாநிலத்தில் பொதுமக்களுக்குக் காட்டும் படம் ஒவ்வொன்றுக்கும் தணிக்கை அனுமதி வேண்டும். வோகல் என்ன செய்தார்? சங்கத்தை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார். தணிக்கைத் தொல்லை தீர்ந்தது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் கிடைத்தது. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே மாலையில் ஓர் அறிவியல் படம், ஓர் ஆவணப்படம், ஒரு பரிசோதனைப் படம் என்று கலந்து போட்டார் வோகல். ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் அடுத்தது பிடிக்கலாம் அல்லவா?

உச்சத்தில் சினிமா 16-க்கு 7,000 உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு பள்ளியின் 1,600 இருக்கைகள் கொண்ட அரங்கில் படம் போட்டார்கள். பதினாறு ஆண்டுகள் நடந்த சங்கம், 1963-இல் பண நெருக்கடியால் மூடப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய நியூயார்க் திரைப்பட விழாவை உருவாக்கியவர்களில் வோகலும் ஒருவர்.

ஒரு வானொலி அறிவிப்பாளர் செய்த உதவி

என் தொழிலில் இருப்பவர்களைக் கொஞ்சம் வெட்கப்பட வைக்கும் சம்பவம் ஒன்று. 1957-இல் நடிகர் ஜான் கசவேட்டீஸ், ஜீன் ஷெப்பர்ட் என்பவர் நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். சாதாரண மனிதர்களைப் பற்றிப் படம் எடுக்க ஆசை, நேயர்கள் ஆளுக்கு ஓரிரு டாலர் அனுப்பினால் எடுத்துவிடலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். டாலர் நோட்டுகள் தபாலில் வர ஆரம்பித்தன! ஏறக்குறைய 2,000 டாலர் சேர்ந்தது. படத்தின் மொத்தச் செலவுக்கு அது போதவில்லை. ஆனால் படம் பிறப்பதற்கு முன்பே அதற்கு ரசிகர்கள் பிறந்துவிட்டார்கள். 'ஷேடோஸ்' என்ற அந்தப் படத்தின் திருத்திய வடிவம் 1959-இல் வோகலின் சினிமா 16-இல் திரையிடப்பட்டது.

நானும் அறிவிப்பாளர்தான். எத்தனையோ நட்சத்திரப் படங்களின் வெளியீட்டு நாளைச் சிரித்த முகத்தோடு அறிவித்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் குறும்படம் ஒன்றின் பெயரை, யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது எத்தனை முறை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தேர்ந்தெடுப்பதா, எல்லாருக்கும் இடமா?

மூன்றாமவர் ஜோனஸ் மேகஸ். லித்துவேனியாவில் பிறந்தவர். போருக்குப் பின் அகதி முகாம்களில் இருந்துவிட்டு, 1949-இல் தம்பியுடன் நியூயார்க் வந்து இறங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கினார். நண்பர்கள், தெரு, பனி, திருமணம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நாட்குறிப்பு எழுதுவது போலப் படம் பிடித்தார். 1972-இல் வந்த ஒரு படத்தில், பல்லாண்டுகளுக்குப் பின் சொந்த ஊருக்குத் திரும்பித் தம் தாயைப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

மேகஸுக்கும் வோகலுக்கும் ஒரு கருத்து வேறுபாடு ஏற்பட்டது. ஸ்டான் பிராக்கேஜ் என்ற கலைஞரின் படம் ஒன்றைத் திரையிட வோகல் மறுத்தார். "எது நல்ல படம் என்று ஒருவரே முடிவு செய்வது சரியா?" என்ற கேள்வி எழுந்தது. 1962-இல் மேகஸும் நண்பர்களும் திரைப்படக் கலைஞர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கலைஞர் கொண்டுவரும் படம் எதையும் சங்கம் தள்ளாது. வாடகைப் பணத்தில் பெரும் பங்கு எடுத்தவருக்கே. மேகஸ் தங்கியிருந்த மாடியறைதான் அலுவலகம். அந்தச் சங்கம் இன்றும் நியூயார்க்கில் இயங்குகிறது. மேகஸ் 2019-இல் 96 வயதில் மறைந்தார்.

இருவரில் யார் சரி? இருவருமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரசிகனின் நம்பிக்கையைப் பெற, தேர்ந்தெடுத்துக் காட்டும் ஒருவர் வேண்டும். கலைஞனின் நம்பிக்கையைக் காக்க, எல்லாருக்கும் திறந்த ஒரு கதவும் வேண்டும். இரண்டில் ஒன்று கூட இல்லாத இடத்தில் படம் இழுப்பறைக்குள்தான் போகும்.

ஊர் ஊராகப் போன படம்

"அதெல்லாம் நியூயார்க், நமக்கு ஒத்து வராது" என்று சிலர் சொல்லலாம். கேரளத்தைப் பாருங்கள். 1977-இல் 'அக்ரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை எடுத்துத் தேசிய விருது பெற்ற ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, மக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் உருவானதுதான் 1986-இல் வந்த 'அம்ம அறியான்'. ஒரு மகன் தாய்க்கு எழுதும் கடிதம் போல அமைந்த படம் அது. காசு கொடுத்த மக்களிடமே படம் திரும்பிப் போனது. அடுத்த ஆண்டே ஜான் ஆபிரகாம் விபத்தில் இறந்துவிட்டார்.

நம் நாட்டில்

மலேசியாவிலும் இந்த வரலாறு உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமிர் முகமது சிறிய டிஜிட்டல் கேமராவில் 'லிப்ஸ் டு லிப்ஸ்' எடுத்தார். 2002-இல் அவர் எடுத்த ஆறு குறும்படங்களில் ஒன்று அடையாள அட்டை தொலைந்த கதை. நம்மில் யாருக்குத் தொலைந்ததில்லை? அவருடைய 'தி பிக் டுரியான்' 2004-இல் சன்டான்ஸ் விழா வரை போனது. அந்த விழாவுக்குத் தேர்வான முதல் மலேசியப் படம் அது.

2005-இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டத்துக் குடும்பம், மேலே படிக்கத் துடிக்கும் ஒரு பெண் பிள்ளை. நம் பாட்டிகள், அம்மாக்கள் கதை. வெளிநாட்டு விழாக்களில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கில் குடியேறியவர்களின் கதை. இந்த முறை பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்கள். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரியாகப் படங்களைப் பிரிப்பது பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. விதிகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியப் படம் என்ற விருது ஜகாட்டுக்குக் கிடைத்தது. அது ஒரு தமிழ்ப் படம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாட்டிக்குப் பதில்

பாட்டி ஒரு கதை சொல்வார். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லா லயத்திலிருந்தும் சனங்கள் போவார்களாம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிய, அப்படியே பார்ப்பார்களாம். சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. திடல் போனது, தோட்டம் போனது, பழக்கமும் போய்விட்டது.

2017-இல் பாட்டி இறந்துவிட்டார். அவர் இருந்தபோது அந்தப் படத்தை நான்கு பேர் கூடிய இடத்தில் ஒருமுறைகூடப் போட்டுக் காட்டவில்லை. இந்தக் குறை எனக்குத் தீராது. இரண்டு ஆண்டுகள் கழித்து, குறும்படம் எடுக்கும் இரண்டு தம்பிகளோடு சேர்ந்து, ஒரு கோயில் மண்டபத்தில் நாற்பது நாற்காலி போட்டுத் திரையிட்டோம். முப்பத்தொரு பேர் வந்தார்கள். என் படம் முடிந்ததும் வயதான ஓர் அம்மா எழுந்து நின்றார். "எனக்கும் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிருந்தேன்" என்றார். விரிவுரையாளர் கொடுத்த மதிப்பெண்ணைவிட இது பெரியது.

ஆகவே அன்பர்களே, பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. கோயில் மண்டபம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி மண்டபம் இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை, நாற்பது நாற்காலி. உரிய அனுமதியைப் பெற்றுக்கொண்டு நம் பிள்ளைகளின் படங்களைப் போடுவோம். ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டால் மண்டப வாடகை வந்துவிடும். படம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து நின்று சொல்லுங்கள், அதுவும் அவர்களுக்குத் தேவைதான். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என் பங்குக்கு, இனி நான் நடத்தும் நிகழ்ச்சிகளில் நம் நாட்டுக் குறும்படம் ஒன்றின் பெயரையும், அதை எங்கே பார்க்கலாம் என்பதையும் வாரம் ஒருமுறை சொல்வேன். மறந்தால் தயங்காமல் நினைவுபடுத்துங்கள்.