யேல் சுற்றுச்சூழல் பள்ளி

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கான புலங்களுள் ஒன்று யேல் சுற்றுச்சூழல் பள்ளி. 1900ஆம் ஆண்டு வனவியலுக்கென்றே தொடங்கப்பட்ட இப்பள்ளி, 1972இல் சுற்றுச்சூழல் ஆய்வையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு, 2020இல் இன்றைய பெயரைப் பெற்றது; வனவியல் பின்தள்ளப்படும் என்ற கவலைக்கு இடம் தராமல், அப்படிப்புக்கென ‘வனப் பள்ளி’ என்னும் உட்பிரிவும் அப்போதே அமைக்கப்பட்டது.

பள்ளிக்கு மூலதனமாக அமைந்தது கிஃபோர்ட் பின்ஷோவின் குடும்பம் வழங்கிய அறக்கொடை. பின்னாளில் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரான பின்ஷோ, பிரான்சின் நான்சி நகரில் வனவியல் பயின்றவர். அவருக்கு வழிகாட்டிய டயட்ரிச் பிராண்டிஸோ, பர்மாவின் தேக்குக் காடுகளில் ஆண்டுதோறும் வெட்டத்தக்க மரங்களின் அளவைக் கணக்கிட்டு முறைப்படுத்தியவர். 1864 முதல் 1883 வரை பிரித்தானிய இந்தியாவின் வனத்துறைத் தலைமை அதிகாரியாக இருந்து, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் உருவானதிலும் பங்காற்றியவர். ஆகவே அமெரிக்க வனவியல் ஐரோப்பாவிலிருந்து நேரே வந்திறங்கியது என்னும் வழக்கமான கூற்று பாதி உண்மையே. யேலுக்கு இரண்டாண்டு முன்பே கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வனவியல் கல்லூரி, அதன் மரவெட்டு முறையைச் சுற்றுப்புற நிலவுடைமையாளர்கள் எதிர்த்ததாலும் அரசு நிதி நின்றதாலும் 1903இல் மூடப்பட்டது; யேல் பள்ளியோ நிலைத்தது.

இப்பள்ளியின் தனித்தன்மை அது தானே நிர்வகிக்கும் காடுகளில்தான் உள்ளது. கனெடிகட்டின் வடகிழக்கில் ஏறத்தாழ 7,800 ஏக்கரில் பரந்துள்ள யேல்-மயர்ஸ் காட்டில், கோடைக்காலத்தில் பணிக்குழுவாகத் தங்கும் மாணவர்கள், மரங்களின் விட்டத்தை மார்பு உயரத்தில் அளந்து, எதை வெட்டுவது, எதை விடுவது என்று திட்டம் எழுதி, வெட்டவேண்டியவற்றில் பெயிண்ட் குறியிடுகின்றனர். அம்மரங்கள் பின்னர் உண்மையிலேயே விற்கப்படுவதால் பிழையான கணக்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. முதிர்ந்த மரங்களுள் சிலவற்றை விதைக்கும் நிழலுக்குமாக விட்டுவைத்து, அவற்றின் கீழ் ஓக் நாற்றுகள் எழுந்தபின் மேல்மரங்களைக் குறைக்கும் காப்புமர முறை இங்கு பெரிதும் கையாளப்படுகிறது. 2009இல் திறக்கப்பட்ட குரூன் மண்டபத்தின் உட்சுவர்களில் இக்காட்டின் செவ்வோக் பலகைகளும் பதிக்கப்பட்டுள்ளன.

சுற்றுச்சூழல் மேலாண்மை முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு காலம் நடைபெறுகிறது. இடைப்பட்ட கோடையில் மாணவர்கள் அரசுத் துறைகளிலோ தொண்டு நிறுவனங்களிலோ வணிக நிறுவனங்களிலோ பயிற்சிப் பணியாற்றுகின்றனர். வெப்பமண்டல நாடுகளில் ஆய்வு செய்ய விழைவோருக்கு, 1983இல் நிறுவப்பட்ட வெப்பமண்டல வளங்கள் நிறுவனம் நல்கை வழங்குகிறது. இப்பள்ளியின் மார்க் ஆஷ்டன், பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்களுடன் இணைந்து இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் நெடுங்காலம் ஆய்வு நடத்தியுள்ளார். காட்டின் ஓரத்தில் நடப்பட்டிருந்த அயல்நாட்டுப் பைன் மரங்களின் நிழலிலேயே அம்மண்ணுக்குரிய மரங்களை வளர்த்தெடுக்கலாம் என்று காட்டியது அவ்வாய்வுகளுள் குறிப்பிடத்தக்கது.

பொதுமக்களிடம் இப்பள்ளியின் பெயர் சேர்வது பெரும்பாலும் 2008 முதல் வெளிவரும் ‘யேல் என்விரான்மென்ட் 360’ என்னும் இதழின் வழியாகவும், கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஈராண்டுக்கொரு முறை வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டின் வழியாகவுமே. காற்று, நீர், பல்லுயிர், காலநிலை ஆகியவற்றில் நாடுகளின் நிலையை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் இக்குறியீடு, 2022இல் இந்தியாவை 180 நாடுகளுள் கடைசி இடத்தில் வைத்தது. கடந்த பத்தாண்டுப் போக்கை அப்படியே நீட்டி 2050ஆம் ஆண்டின் பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. தனிநபர் உமிழ்வு குறைவாயுள்ள, வளர்ந்துகொண்டிருக்கும் நாடுகளை இத்தகைய கணிப்பு கூடுதலாகத் தண்டிக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் காற்றின் தரத்தில் பெற்ற தாழ்ந்த மதிப்பெண்ணுக்கு அவ்வாதம் விடையாகாது. 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா 176ஆம் இடம் பெற்றது.